கண்ணைப் பறித்த ஆறும் காத்து நின்ற ஊரும்

ஆற்றங்கரை நிலமென்றால் உழவனுக்கு ஆசை பிறவாமல் இராது. வண்டல் படிந்த மண். தோண்டினால் ஊறும் நீர். ஓராண்டு மழை குறைந்தாலும் முற்றும் கைவிடாத விளைச்சல். அத்தகைய நிலத்தில் ஒரு காணிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியவர்களை நாம் அறிவோம். அந்நிலத்தை விலைக்கும் விற்காமல், கடனுக்கும் இழக்காமல், பகைவர் எவரும் துரத்தாமல், தாமாகவே கைவிட்டு, கல்லும் கரம்புமான மேட்டுக்கு ஓடிய உழவர்கள் உண்டு என்றால் அங்கத்தினர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ஆயினும் அஃது உண்மை.

இது நிகழ்ந்தது மேற்கு ஆப்பிரிக்காவில். வெள்ளை வோல்ட்டா, சிவப்பு வோல்ட்டா, கறுப்பு வோல்ட்டா என்னும் மூன்று ஆறுகள் பாயும் நாட்டிற்கு முன்னாளில் அப்பர் வோல்ட்டா என்று பெயர்; 1984 முதல் அது புர்க்கினா ஃபாசோ என வழங்கப்படுகிறது. அங்கும் அதற்குத் தெற்கே கானா நாட்டின் வடபகுதியிலும் ஆற்றங்கரைக் கிராமங்கள் பல, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாழூர்களாகக் கிடந்தன. சுவர்கள் இடிந்து நின்றன; வயல்களில் புதர் மண்டிற்று. அம்மக்களைத் துரத்தியது வெள்ளமும் அன்று, பஞ்சமும் அன்று. ஒரு புழு. அப்புழு அவர்களுடைய கண்களைப் பறித்தது. ஆற்றங்கரைக் குருட்டு நோய் என்று அந்நோய்க்குப் பெயர்.

கண்ணையும் வயலையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொன்னால் ஒரு குடியானவன் என்ன செய்வான்? நம்மைப் போலவே மண்ணையும் பருத்தியையும் தறியையும் நம்பி வாழும் அம்மக்கள் அந்த இக்கட்டில் பட்டதையும், அதிலிருந்து மீண்ட விதத்தையும் நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நூல் போன்றதொரு புழு

இப்புழு உருளைப் புழு வகையைச் சேர்ந்தது. நம் குழந்தைகளின் குடலில் காணும் புழுவும் அவ்வகையே. ஆனால் இது குடலில் வாழ்வதன்று. தோலுக்கு அடியில் வாழ்வது. இதன் சாதிக்கு ஃபைலேரியா என்று பெயர். இலத்தீன் மொழியில் நூல் என்னும் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நம் ஊர்களில் யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் இதே சாதிதான். அது நிணநீர்க் குழாய்களில் தங்கிக் காலை வீங்கச் செய்கிறது. இதுவோ தோலில் தங்கிக் கண்ணைக் கெடுக்கிறது. ஓங்கோசெர்கா வால்வுலஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர்.

பெண் புழு ஒரு முழம் நீளம்கூட வளரும். பருமனோ நூலிழை அளவே. ஆண் புழு இரண்டு மூன்று விரற்கடைக்கு மேற்படாது. இவை தோலுக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னிச் சுருண்டு கிடக்கும். சிக்குப் பிடித்த நூல் உண்டையைக் கண்ட நெசவாளர் எவருக்கும் அத்தோற்றத்தை விளக்க வேண்டியதில்லை. இந்த உண்டையைச் சுற்றி உடம்பு ஒரு கட்டியை எழுப்புகிறது. இடுப்பெலும்பின் மீதும், விலாவிலும், தலையிலும் அக்கட்டிகளைத் தடவிப் பார்த்து அறியலாம். கட்டியால் பெரிய வலி இல்லை. ஆகையால் அதனை யாரும் பொருட்படுத்துவதில்லை.

துன்பம் கட்டியில் இல்லை; அதனுள்ளிருந்து புறப்படும் குஞ்சுகளில் இருக்கிறது. ஒரு பெண் புழு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, சில வேளை பதினைந்து ஆண்டுகள் வரை உயிரோடிருக்கும். அவ்வளவு காலமும் நாளொன்றுக்கு ஆயிரம் என்னும் அளவில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை ஈன்றுகொண்டேயிருக்கும். அக்குஞ்சுகள் உடல் முழுதும் தோலுக்குள் ஊர்ந்து திரியும்.

ஈயின் வேலை

ஒருவர் தோலில் உள்ள குஞ்சு மற்றொருவர் உடலை அடைவது எங்ஙனம்? இதற்குத் தூதாக அமைந்தது ஒரு கரிய சிற்றீ. நெல்மணியிலும் சிறியது, கூன் விழுந்த முதுகுடையது. கொசு தேங்கிய நீரில் பெருகும். இந்த ஈயோ தேங்கிய நீரை ஏறிட்டும் பாராது. பாறைகளில் மோதி நுரைத்து விரைந்தோடும் ஆற்று நீரே இதற்கு வேண்டும். அத்தகைய நீரில் உயிர்க்காற்று மிகுதி. அங்கே கல்லிலும் கொடியிலும் ஒட்டிக்கொண்டு இதன் இளம்புழுக்கள் வளர்கின்றன.

கடிப்பது பெண் ஈ மட்டுமே. அதுவும் பகல் நேரத்தில். உழவன் வயலில் குனிந்து களை எடுக்கும் வேளையும், பெண்கள் ஆற்றில் நீர் முகக்கும் வேளையும் அதற்கு இரை தேடும் வேளை. நோயுற்றவரைக் கடிக்கும்போது இரத்தத்தோடு புழுக் குஞ்சுகளையும் உறிஞ்சுகிறது. ஒரு வாரத்திற்கும் சற்று மேற்பட்ட காலத்தில் அக்குஞ்சுகள் ஈயின் உடலில் பக்குவம் அடைகின்றன. பின்னர் அதே ஈ வேறொருவரைக் கடிக்கையில் அவருடைய உடலில் புகுந்துவிடுகின்றன. ஈயின் உடலில் புழு பெருகுவதில்லை. மனிதர் உடலில் தவிர வேறெங்கும் அது இனம் பெருக்குவதும் இல்லை. இந்த ஓர் உண்மையை அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

கண் கெடுவது எங்ஙனம்

முதலில் வருவது அரிப்பு. சாதாரண அரிப்பன்று, இரவில் உறங்கவிடாத அரிப்பு. கல்லாலும் கட்டையாலும் சொறிந்து தோலைப் புண்ணாக்கிக் கொள்வார்கள். நாளடைவில் தோல் தடித்துப் பல்லியின் தோல் போலாகிவிடும். முழங்காலுக்குக் கீழே நிறம் வெளுத்துச் சிறுத்தையின் உடல் போலப் புள்ளி புள்ளியாகும். இளைஞனாயிருக்கையிலேயே முதியவனைப் போல் தோல் சுருங்கித் தொங்கும்.

ஊர்ந்து திரியும் குஞ்சுகளுள் சில கண்ணுக்கும் சென்று சேர்கின்றன. உயிரோடிருக்கும் வரை அவை பெருந்தீங்கு செய்வதில்லை. அவை மடியும்போதுதான் கேடு விளைகிறது. இப்புழுவின் உடலுக்குள் வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் குடியிருக்கிறது. புழு செத்ததும் அந்நுண்ணுயிர் வெளிப்பட, உடம்பு அதனை எதிர்த்துப் போரிடுகிறது. போர்க்களமோ கண். விழியின் முன்புறத்திலுள்ள தெளிந்த படலம் சிவந்து, பின் வடுப்பட்டு, தேய்த்த கண்ணாடி போல் மங்குகிறது. சிலருக்கு உள்ளேயுள்ள விழித்திரையும் கண் நரம்பும் கெடுகின்றன. முதலில் பக்கப் பார்வை குறைகிறது. மாலை வேளையில் வழி தெரியாமற் போகிறது. இறுதியில் முற்றும் இருள்.

ஒரு கடியில் இது நேர்வதன்று. ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான கடிகள் பட்டு, புழுக்கள் சேர்ந்து சேர்ந்து வருவது. ஆகையால் சிறுவர்க்குக் கண் தெரியும். உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பருவத்தில், முப்பது நாற்பது வயதில், பார்வை போய்விடும். நோய் கடுமையாயிருந்த மேற்கு ஆப்பிரிக்க ஊர்கள் சிலவற்றில் நாற்பது வயதைக் கடந்த ஆடவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் கண்ணிழந்திருந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. புரை விழுந்த கண்ணை அறுவை செய்து மீட்பது போல் இதனை மீட்க இயலாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று நாம் சொல்லும் பழமொழி இங்கே அப்படியே பொருந்தும்.

கண்ணிழந்த தகப்பனின் கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பவன் அவனுடைய மகன். அச்சிறுவன் பள்ளிக்குச் செல்வது எப்போது? ஆகவே ஒருவர் கண் போனால் இருவர் வாழ்வு போயிற்று என்பதே கணக்கு.

ஊர் குறையக் குறைய

இந்நோயில் கூட்டுறவாளர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்றுண்டு. ஓர் ஆற்றங்கரையில் உள்ள ஈக்களின் தொகை ஆற்றின் பாய்ச்சலைப் பொறுத்தது. ஊரின் தொகையைப் பொறுத்ததன்று. ஒரு கணக்குக்காகச் சொல்வோம்: அவ்வூரில் நாளொன்றுக்கு ஐயாயிரம் கடி என்றால், ஐந்நூறு பேர் வாழும்போது ஆளுக்குப் பத்துக் கடி விழும். நோய்க்கு அஞ்சிச் சிலர் வெளியேறி, கண்ணிழந்தோர் வயலுக்குப் போகாமல் நின்றுவிட்டால், எஞ்சிய நூறு பேருக்கு ஆளுக்கு ஐம்பது கடி. எஞ்சியவர் மேலும் விரைவாகக் கண்ணிழப்பர். மேலும் சிலர் ஓடுவர். இறுதியில் ஊரே இராது.

ஆற்றை ஒட்டிய முதல் வரிசை ஊர்கள் இங்ஙனம் அழிந்தன. பிறகு அதற்கு அடுத்த வரிசை ஊரே முதல் வரிசையாயிற்று. சுமை ஒன்றே, தோள் குறைந்தால் ஒவ்வொரு தோளும் நசுங்கும். சங்கத்தில் அங்கத்தினர் குறைந்தால் நேர்வது என்ன என்பதை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

மேட்டுக்கு ஓடியவர்களும் சுகப்படவில்லை. அங்கே மண் ஏழை, மழையும் நிலையில்லாதது. பலர் ஒரே இடத்தில் நெருங்கிப் பயிரிட்டதால் அந்த மண்ணும் சலித்தது. நல்ல நிலம் கீழே பாழ் கிடக்க, மக்கள் மேலே பசித்திருந்தனர்.

அறிந்தவர்கள்

இப்புழுவின் குஞ்சுகளை முதன்முதல் கண்டவர் ஜான் ஓநீல் என்னும் கப்பற்படை மருத்துவர். 1875இல் இன்றைய கானா நாட்டுக் கடற்கரையில், தோல் நோயுற்றோரிடம் அவர் இதனைக் கண்டார். ஆனால் தோலில் ஊரும் புழுவே கண்ணைக் கெடுக்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அதனை உணர்த்தியவர் மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டு மருத்துவர் ரோடல்ஃபோ ரோப்ளெஸ். காப்பித் தோட்டப் பகுதியில் வாழ்ந்தோரின் தலையிலுள்ள கட்டிகளை அகற்றினால் கண் நோய் தணிவதை 1915இல் அவர் கண்டார். ஈக்களின் மீதும் ஐயம் கொண்டார். 1926இல் சியரா லியோனில் பிளாக்லாக் என்பவர் கரிய ஈயே நோயைப் பரப்புகிறது என்று நிலைநாட்டினார்.

இந்நோயின் கொடுமையை உலகுக்கு உரைத்தவர்களுள் ஒருவர் தாமே கண்ணிழந்தவர். ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேயர் பன்னிரண்டு வயதில், பள்ளி ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பார்வையை இழந்தார். 1950இல் கண்ணிழந்தோர்க்கென ஒரு சங்கத்தை நிறுவி, தம் மனைவியுடன் வட கானாவின் ஊர்களுக்குச் சென்றார். நோயின் விஞ்ஞானப் பெயர் எவர் நெஞ்சிலும் பதியாது என்று கண்டு, ஆற்றங்கரைக் குருடு என்று எளிய பெயரிட்டவர் அவ்வம்மையாரே. தக்க பெயர் அமைந்தபின் உலகம் செவிசாய்க்கத் தொடங்கிற்று.

வானிலிருந்து தெளித்த மருந்து

1972இல் உலக வங்கியின் தலைவர் ராபர்ட் மெக்நமாரா அப்பர் வோல்ட்டாவுக்குச் சென்றார். கோலின் முனையைப் பிடித்துச் சிறுவர்கள் பெரியோரை நடத்திச் செல்வதை நேரிற் கண்டார். 1974இல் உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி, ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டம், உணவு விவசாய நிறுவனம் ஆகியவை கூடி ஏழு நாடுகளில் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கின. பின்னர் அது பதினொரு நாடுகளுக்குப் பரவிற்று.

அப்போது வளர்ந்த புழுவைக் கொல்லத் தகுந்த மருந்து இல்லை. இருந்த மருந்துகள் நோயினும் கொடியவை. ஆகவே ஈயை ஒழிப்பதென முடிவு செய்தனர். விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஆறுகளின் மீது பறந்து, ஈயின் இளம்புழுக்கள் இருக்கும் பாய்ச்சல்களில் மருந்தைத் தெளித்தன. நம் ஊரில் டெங்குக் கொசுவின் புழுவை அழிக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுகிறார்களே, அந்த அபேட் என்னும் டெமிஃபாஸ் மருந்துதான் அங்கும் முதலில் பயன்பட்டது. ஈயின் இளம்பருவம் ஒரு வார அளவினது. ஆகையால் ஒவ்வொரு வாரமும் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறை ஈ தப்பிவிடும்.

எத்தனை வாரம்? மனிதர் உடலில் இருக்கும் புழு பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழுமென்று முன்னர்ச் சொன்னோம். கடைசிப் புழுவும் கிழடாகிச் சாகும் வரை ஈ இல்லாமல் காக்க வேண்டும். இடையில் சில ஈக்களுக்கு அம்மருந்து உறைக்காமற் போயிற்று. உடனே பல மருந்துகளை மாற்றி மாற்றித் தெளித்தனர். அவற்றுள் ஒன்று பூச்சிப் புழுவை மட்டும் கொல்லும் ஒரு பாக்டீரியா. காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து பிற நாட்டு ஈக்கள் மீண்டும் வந்தன. அந்நாடுகளையும் திட்டத்தில் சேர்த்தனர். எல்லைக் கல் மனிதர்க்குத்தான், ஈக்கு இல்லை. 2002ஆம் ஆண்டு இறுதிவரை, இருபத்தெட்டு ஆண்டுகள், அரசுகள் மாறினும் ஆட்கள் மாறினும் அப்பணி நின்றதில்லை.

ஒரு பிடி மண்

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து உதவி வந்தது. ஜப்பானில் கித்தசாத்தோ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த சத்தோஷி ஓமுரா என்னும் விஞ்ஞானி, போகுமிடமெல்லாம் ஒரு பிடி மண் எடுத்து அதிலுள்ள நுண்ணுயிர்களை ஆராய்வது வழக்கம். 1970களில் இத்தோ நகரத்தருகே ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி எடுத்த மண்ணில் புதியதொரு நுண்ணுயிர் கிடைத்தது. அமெரிக்காவில் மெர்க் மருந்து நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல்லும் அவருடைய குழுவினரும் அதிலிருந்து புழுக்கொல்லி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து உருவானது ஐவர்மெக்டின்.

நம் உழவர்களுக்கு அப்பெயர் புதிதன்று. ஆடுமாடுகளின் புழுவுக்கும் உண்ணிக்கும் கால்நடை மருத்துவர் கொடுக்கும் மருந்து அதுவே. 1981இல் கால்நடை மருந்தாகத்தான் அது முதலில் விற்பனைக்கு வந்தது. குதிரைகளைப் பற்றும் இதே இனப் புழுவின் குஞ்சுகளை அது கொல்வதைக் கண்டபோது, மனிதர்க்கும் உதவுமோ என்ற எண்ணம் எழுந்தது. செனகல் நாட்டில் சோதித்தனர்; பலித்தது. (மாட்டுக்கு வாங்கிய மருந்தை மனிதர் உட்கொள்ளலாகாது. அளவும் தயாரிப்பும் வேறு.)

ஆனால் நோயாளிகளோ கையில் காசில்லாதவர்கள். எவ்வளவு மலிவாக விற்பினும் வாங்க வழியில்லை. 1987இல் அந்நிறுவனம், இந்நோய்க்கு வேண்டுமளவு மருந்தை, வேண்டுங்காலமெல்லாம் விலையின்றிக் கொடுப்பதாக அறிவித்தது. அவ்வாறே கொடுத்தும் வருகிறது. ஓமுராவும் கேம்பெல்லும் 2015இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஊரே ஏற்று நடத்திய வேலை

மருந்து இலவசம் என்றவுடன் வேலை முடிந்துவிடவில்லை. இம்மருந்து குஞ்சுகளைக் கொல்லும். தாய்ப் புழுவைக் கொல்லாது. சில மாதங்களுக்கு அது குஞ்சு ஈனாமல் தடுக்கும், அவ்வளவே. ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, பத்துப் பதினைந்து ஆண்டுகள், ஊரில் உள்ளோர் அனைவரும் விடாமல் விழுங்கவேண்டும். நூற்றுக்கு எண்பது பேராவது உட்கொண்டால்தான் நோய் அறும். தார்ச்சாலை இல்லாத, மருத்துவமனை இல்லாத ஆயிரமாயிரம் ஊர்களில் இதனை யார் செய்வது?

1995இல் தொடங்கிய ஆப்பிரிக்கத் திட்டம் ஒன்று இதற்கு விடை கண்டது: ஊரே செய்யட்டும். ஒவ்வோர் ஊரும் கூடி, தம்முள் நம்பகமான ஒருவரையோ இருவரையோ தேர்ந்தெடுத்தது. எம்மாதத்தில் கொடுப்பது, வீடு வீடாகவா பொது இடத்திலா என்பதையெல்லாம் ஊரே முடிவு செய்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் சில நாட் பயிற்சி பெற்று, மருந்தைத் தாமே வாங்கி வந்து, பேரேட்டில் ஒவ்வொரு குடும்பத்தையும் எழுதி, கொடுத்த கணக்கைக் குறித்தார்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம். நிறமிட்ட அளவுகோல் ஒன்று. அதனருகே நின்றால் உயரத்திற்குத் தக்கபடி இத்தனை மாத்திரை என்று தெரியும். தொண்ணூறு சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகாதவர்க்கும், கடும் நோயாளிகளுக்கும் கொடுப்பதில்லை. எழுத்தறிவு குறைந்த ஊர்களும் இக்காரியத்தைச் செவ்வனே நடத்தின. சங்கம் என்னும் பெயர் இல்லாவிடினும் இதுவே கூட்டுறவு; வேறென்ன?

மீண்ட நிலம்

மேற்கு ஆப்பிரிக்கத் திட்டம் 2002இல் முடிந்தபோது எழுதிய கணக்கு இது: 6 லட்சம் பேர் கண்ணிழக்காமல் காக்கப்பட்டனர். 1 கோடியே 80 லட்சம் குழந்தைகள் இந்நோயின் ஆபத்து இல்லாத ஊர்களில் பிறந்தனர். 2 கோடியே 50 லட்சம் ஹெக்டேர் நிலம் மீண்டும் குடியேற்றத்திற்கும் பயிருக்கும் தகுதியாயிற்று. நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பு சுமார் 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர். ஏறக்குறைய இரண்டு தமிழ்நாடு அளவுள்ள நிலம் மீண்டது என்று சொன்னால் அதன் பெருமை விளங்கும். 1 கோடியே 70 லட்சம் பேருக்கு உணவளிக்க வல்லது அந்நிலம்.

ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு உழவர்கள் திரும்பினர். புர்க்கினா ஃபாசோவில் அரசு ஒழுங்கு செய்த குடியேற்றங்களும் உண்டு. தாமாக வந்து குடியேறியோர் அதனினும் மிகுதி. சோளமும் கம்பும் விளைந்தன, பருத்தியும் விளைந்தது. அந்நாட்டு நெசவாளர்கள் ஒடுங்கிய தறியில் கையகலப் பட்டைகளாக நெய்து, அவற்றைப் பக்கம் பக்கமாகத் தைத்து ஆடையாக்குவது மரபு. கண் உள்ளவனுக்கன்றோ இழை தெரியும்!

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லிவிட மாட்டோம். பெருங்கூட்டம் வந்து நிறைந்ததால் காடு குறைந்தது. முன்பே அங்கு மாடு மேய்த்தவர்க்கும் புதிதாக வந்த உழவர்க்கும் பூசல் எழுந்தது. நோய் நீங்கினால் போதாது; நிலத்தைப் பகிர்ந்து பேணும் நெறியும் வேண்டும் என்பதை அவ்விடத்து அனுபவம் காட்டுகிறது.

எஞ்சியிருப்பது

அமெரிக்கக் கண்டத்தில் கொலம்பியா 2013இலும், எக்வடார் 2014இலும், மெக்சிகோ 2015இலும், குவாத்தமாலா 2016இலும் இந்நோயை அறவே ஒழித்தனவென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆப்பிரிக்க நாடுகளுள் அச்சான்றை முதலில் பெற்றது நைஜர், ஆண்டு 2025.

எனினும் 2017ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி உலகில் 2 கோடியே 9 லட்சம் பேர் உடலில் இப்புழு இருந்தது. அவர்களுள் 11 லட்சத்து 50 ஆயிரம் பேர் பார்வைக் குறைவோ இழப்போ உற்றவர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கர். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் லோவா என்னும் வேறொரு புழுவும் சேர்ந்திருப்போர்க்கு ஐவர்மெக்டின் மூளையைத் தாக்கும் விளைவை உண்டாக்கக் கூடுமாதலால், அங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. போர் நடக்கும் இடங்களுக்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. கண்ணிழந்துவிட்ட முதியோர்க்கு இம்மருந்துகள் பார்வையைத் திருப்பித் தருவதும் இல்லை. அவர்கள் பெற்றது ஒன்றே: தம் பேரப்பிள்ளைகள் தம் கோலைப் பிடிக்க நேர்ந்தாலும், தம்மைப் போல் ஆகமாட்டார்கள் என்ற உறுதி.

நமக்குரியது

நம் நாட்டில் இந்நோய் இல்லை. நம் மலையோடைகளில் கரிய ஈயின் இனம் உண்டு. ஆனால் அது சுமந்து செல்ல இப்புழு இங்கில்லை. பின் நமக்கு இதனால் ஆவதென்ன என்று அங்கத்தினர் கேட்கலாம்.

யானைக்கால் நோயை ஒழிக்க 2004 முதல் நாடெங்கும் மாத்திரை வழங்கினார்களே, அதனை வாங்கிக் கூரையில் செருகி வைத்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? "எனக்குத்தான் நோயில்லையே, நான் ஏன் விழுங்கவேண்டும்?" என்று கேட்டவர்களை நாமும் அறிவோம். புழு இனம் பெருக்குவது மனிதர் உடலில்தான் என்று மேலே குறித்தோம். உடலில் புழுவிருந்தும் நோய் தெரியாதவரே பலர். அத்தகைய ஒருவர் மாத்திரையை ஒதுக்கினால், அவருடைய உடல் ஊருக்கெல்லாம் விதைப்பண்ணை. மேற்கு ஆப்பிரிக்காவின் எழுத்தறியாக் குடியானவன், தனக்கு அரிப்பே இல்லாத ஆண்டிலும், அளவுகோலருகே நின்று தன் பங்கை விழுங்கினான். தன் அயலான் கண்ணுக்காக அவன் செய்த காரியம் அது.

இன்றும் நம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பாவு ஓட்டவோ, களத்துக்கோ நிறுத்திக்கொள்வது தவறு. ஒரு பிள்ளை தவறினால் தெருவில் புழு எஞ்சும்.

ஜினீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் வளாகத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. கண்ணிழந்த பெரியவர் ஒருவர். அவர் பற்றிய கோலின் மறுமுனையைப் பிடித்து முன்னே நடக்கும் சிறுவன். அச்சிறுவனை விடுவிக்க வேண்டி விமானமும் விஞ்ஞானமும் பெரும்பணமும் உழைத்தன. ஆயினும், ஆண்டுதோறும் பேரேட்டைக் கையிலேந்தி வீடு வீடாக நடந்த அவ்வூர்த் தொண்டர்கள் இல்லாவிட்டால் மருந்து கிடங்கிலேயே கிடந்திருக்கும். நம் ஊரில் அந்தப் பேரேட்டைக் கையிலேந்தி நம் வாசலில் ஒருவர் வந்து நிற்கும்போது, அவரைத் திருப்பி அனுப்பாதிருப்போமாக.